ஒரு வரிசை

பறக்கும்போது அது யாராகவும் இருக்கலாம்.
கரிபிடித்த நீலம், அவசரம், அவ்வளவுதான்.
சிறகை மூடி உட்கார்ந்தால்தான்
ஆளைச் சொல்ல முடியும்.

ஜூலை பதினாறு.
லாண்டவ் நகருக்குக் கிழக்கே
வாய்க்கால் பாயும் ஈரப் புல்வெளி, துண்டு எண் பதினான்கு.
பத்தரைக்கு முன் எதுவும் எழவில்லை.
படிவத்தில் நேரம் எழுதினேன், மேகம் எழுதினேன்,
காற்றுக்கு இரண்டு என்று போட்டேன்.
பூட்ஸுக்குள் புகுந்த பனிக்குக் கட்டம் இல்லை.

முதலில் செடி.
மெலிந்த காம்பு, இடுப்புயரம்,
கிளை நுனிதோறும்
நாவற்பழத்தை நசுக்கிய நிறத்தில் ஒரு குட்டிக் கொண்டை.
இதழே கிடையாது.
இந்தப் பக்கத்தில் இதைப் புல்வெளிப் பொத்தான் என்கிறார்கள்.
எந்தச் சட்டையிலிருந்து அறுந்ததென்று
யாரும் சொல்லவில்லை.

பிறகு, பொத்தானோடு பொத்தானாக,
காப்பித்தூள் பழுப்பில் ஒன்று.
ஓரத்தில் ஆரஞ்சு இல்லை,
ஆக, எங்கும் திரிகிற அந்தச் சாதாரண நீலன் இல்லை.
வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகள்
வளைந்து போகின்றன,
ஒரே ஒரு வரிசை.
இரண்டாவது வரிசை இருந்தால்
அது சாம்பல் பூத்த இன்னொன்று; வேறு கட்டம்.

நேற்று முன்தினம் ஒன்றை அந்த வேறு கட்டத்தில் போட்டுவிட்டுச்
சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.
இரவு படத்தைப் பெரிதாக்கினால்
இரண்டாவது வரிசை
லென்ஸில் ஒட்டிய மகரந்தம்.
ரப்பரால் அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது.

தேன் குடித்த கொண்டையிலேயே
வயிற்றை வளைத்து முட்டையும் செருகுகிறாள்.
உணவகம், கல்யாண மண்டபம், பிரசவ வார்டு,
எல்லாம் ஒரே பொத்தான்.
மூன்று வாரம் பூவைத் தின்ற புழு
ஒரு மாலையில் தானாகக் கீழே விழும்.
செவ்வெறும்பு வரும், முகர்ந்து பார்க்கும்,
தன் பிள்ளை என்று நம்பித் தூக்கிப் போகும்.
கறையான் புற்றில் கருநாகம் குடிபுகுவது
நமக்குத் தெரிந்த கதை.
இங்கே நாகத்தைப்
புற்றின் சொந்தக்காரியே சுமந்து வந்து
வாசல் தாண்டுகிறாள்.
பத்து மாதம் உள்ளே வளரும்.
எறும்பு வீட்டுச் சோறு என்று எழுதத்தான் நினைத்தேன்.
சோறு இல்லை. எறும்பின் குஞ்சுகள்.

இதையெல்லாம் நான் பார்த்தது
துண்டு பதினான்கில் மிச்சமிருந்த பிறைவடிவத்தில்,
வாய்க்காலை ஒட்டி,
ஒரு லாரி நிற்கும் அகலத்தில்.
மற்றதை ஃபோல்க்மார் முந்தாநாளே அறுத்துவிட்டார்.
ஒப்பந்தத்தில் செப்டம்பர் பாதி என்றிருந்தது.
வானிலையில் புயல் என்றிருந்தது.
அவருக்கு முப்பத்தெட்டு மாடு.

அந்தப் பிறையில் பதினொன்று எண்ணினேன்.
'அறுக்காமல் விட்டதன் காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
வேலியருகே நின்றவரிடம் கேட்டேன்.
என்னவோ நன்றி சொல்வதுபோல் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது,
முகம் சிவந்துவிட்டது.
"சக்கரம் புதைஞ்சு போச்சு. கயிறு கட்டி இழுக்க ஒரு மணி நேரம்."

பக்கத்தில் வந்து குனிந்தார்.
"இது அந்துப்பூச்சிதானே?"
புள்ளிகளைக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மூச்சை அடக்கி,
பல்லுக்குள் எண்ணினார்.
"ஒரு வரிசை" என்றார், சற்றே ஏமாற்றமாக,
மாடு ஒன்று பால் குறைத்துவிட்ட மாதிரி.
நகரவில்லை.
அது பறந்த பிறகும் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம்: சேறு என்று எழுதினேன்.
பரிந்துரை என்ற கட்டத்திலும்
அதையே எழுதலாமா என்று யோசித்து,
காலியாக விட்டேன்.

அப்பால், அறுத்த நிலத்தில்
வெளிர்பச்சை பிளாஸ்டிக் சுற்றிய புல்லுருளைகள்.
உள்ளே எத்தனை பொத்தான்,
பொத்தானுக்குள் எத்தனை.
உருளைகளை மட்டும் எண்ண முடிந்தது: முப்பத்தொன்று.
கட்டம் இல்லை.
தாளின் ஓரத்தில், கிழிந்த இடத்துக்குப் பக்கத்தில்
எழுதிவைத்தேன்.